ஆடு மட்டும் தெளிவாக விழுந்த படங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். அஞ்சாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கவர்களின் மேல் ஆட்களின் பேரும், படம் வாங்க வரவேண்டிய கிழமையும்தான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாசிக்கிறவர்கள் திருத்திக்கொண்டே வாசிக்க வேண்டும். வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதற்கு ஏற்ற தொழில்தான் அமைந்தது. குலசேகரத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை.

அந்தத் தொழிலைப் படித்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாடு சுதந்திரம் வாங்கி அஞ்சாறு வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தது. வில்லுக்குறிக்குத் தெற்கே, வாய்க்கால் கரையோரம் எங்கள் வீடு. அப்பாவுக்கு வாழைத் தோட்டம். நான் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு வாழைக்கு மண் வெட்டிப் போட ஆரம்பித்திருந்தேன். அக்கா என்னைப்போல அல்ல. பள்ளிக்கூடப் படிப்பை முழுசாக முடித்துவிட்டு, டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தாள். ‘எழுதிப் போட்டா போட்டுட்டுப் போறா’ என்று அப்பா அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பிலிருந்து வந்தார். அங்கே ஒரு மளிகைக் கடையில் அவருக்கு வேலை. கூடவே இரண்டு சாமான்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை. அதாவது மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு. அதே தெருவில் சொந்தக் கடை வைத்திருக்கிற, நம்ம பக்கத்துப் பையன். பெண்ணின் போட்டோ பிடித்துவிட்டால் உடனே புறப்பட்டு வந்து தாலி கட்டத் தயார் என்றார். இன்னொன்று, ஒரு கேமரா. ஊருக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியதாம். மூடியிருந்தால் தகரப் பெட்டி மாதிரி இருக்கும். திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒன்று முன்னால் நீண்டு வரும். அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் கண்.

“நாகர்கோவில் ஸ்டூடியோவில் போய் எடுத்தால் போதாதா?” என்று யாருக்கும் தோன்றும். அப்பா சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மேலத்தெருவில் ஒரு பெண்ணை அங்கே கொண்டுபோய்ப் படம் எடுத்தார்கள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. ஆனால் அவள் படம் மட்டும் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில், சட்டம் போட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கத் தொங்கியது. அவள் தகப்பன் அந்த வழியே போகாமல் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார்.

“நம்ம பிள்ளைய அப்பிடித் தூக்கிப் போட நான் விடமாட்டேன்” என்றார் அப்பா.

“அதுக்குத்தான் இத நான் கொண்டாந்தேன், அத்தான். வீட்டுக்குள்ளயே எடுத்துக்கிடலாம்” என்றார் மாமா.

அவருக்கு லீவு மிச்சம் ஒரே நாள்தான் இருந்தது. அன்றைக்கு அக்கா தலைவலி என்று படுத்துவிட்டாள். அப்பாவின் விரல்கள் மண்வெட்டி பிடித்துப் பிடித்துத் தடித்தவை, அந்தச் சின்னத் திருகாணிகளில் நிற்கவில்லை. ஆகவே மாமா சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அவசரமாகக் காட்டினார். இது தூரத்துக்கு, இது வெளிச்சத்துக்கு, இது வேகத்துக்கு. பின்னால் இருக்கிற சிவப்புக் கண்ணாடியில் நம்பர் வரும்வரை திருக வேண்டும். ஒரு சுருளில் எட்டுப் படம். “மூணு வரைக்கும் சத்தமா எண்ணிட்டு அமுக்கு. ஆளு அசையாம நிக்கதுக்கு அதுதான் வழி. கை மட்டும் ஆடிரக் கூடாது” என்று சொல்லி, கேமராவையும் மூன்று சுருளையும் என் மடியில் வைத்துவிட்டு, மறுநாள் தனுஷ்கோடி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு கல்யாணம் என் மடியில் இருந்தது. எனக்குப் பதினொரு வயது.

முதல் சுருளை நானே கெடுத்தேன். எட்டும் எடுத்து முடித்ததும், படம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பின்மூடியை வெயிலில் திறந்துவிட்டேன். உள்ளே கறுப்புத் தாளும் பழுப்பான ஒரு நாடாவும்தான் இருந்தன. படத்தைக் காணோம். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனபோது, மணிமேடை பக்கத்து ஸ்டூடியோக்காரர் கழுவிப் பார்த்துவிட்டு, கரும்பலகை போல இருந்த சுருளைத் திருப்பித் தந்தார்.

இரண்டாவது சுருளுக்கு நான் முறையாகத் தயாரானேன். கேமராவில் தூரம் அடிக் கணக்கில் இருந்தது. தேங்காய் நாரில் திரித்த சகிரிக் கயிறு ஒன்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு நுனியை அக்கா கையில் கொடுத்து, மறுநுனியை என் மூக்கில் வைத்துப் பார்ப்பேன். அப்பா, ரோட்டிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்று, வீட்டின் பின்னால் பலாமரத்தடியில்தான் நிற்க வைக்க வேண்டும் என்றார். அங்கே நல்ல நிழல். அதனால் வேகத்தை ஆகக் குறைவாக வைக்க வேண்டியிருந்தது. பலாமரத்தில் எங்கள் ஆடு கட்டியிருந்தது. அவிழ்க்கப் போனேன். “கெடக்கட்டும்லே. வீட்டுல பால் உண்டுண்ணு அவனுவளுக்கும் தெரியட்டும்” என்றார் அப்பா.

அக்கா அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு நாளும் மாட்டேன் என்று அவள் சொன்னதில்லை. கூப்பிட்ட உடனே வருவாள், சொன்ன இடத்தில் நிற்பாள், முகத்தைத் தூக்கு என்றால் தூக்குவாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மூணு எண்ணிட்டுத்தானே அமுக்குவ மக்கா?”

“ஆமா.”

“எண்ணாம அமுக்கிராத. நான் தயாரா நிக்கணும்லா.”

எனக்கு அது மிகவும் பொறுப்பான பேச்சாகப் பட்டது. உரக்க எண்ணினேன். எட்டுத் தடவை.

கழுவிய சுருளையும் படங்களையும் வாங்க ஸ்டூடியோவுக்குப் போனேன். சுருளை ஒரு துண்டுகூட விடாமல் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. ஸ்டூடியோக்காரர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னையும் பார்த்தார். வாயோரத்தில் ஒரு சிரிப்பு.

“ஆடு நல்லா விழுந்திருக்கே மக்கா. யாரு வீட்டு ஆடு?”

“எங்க வீட்டு ஆடு.”

“கொள்ளாம். நல்ல அடக்கமான ஆடு.”

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படங்கள். அக்காவின் பட்டு இருந்தது, பின்னல் இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் கஞ்சி வடித்த மாதிரி ஒரு வெள்ளை. எட்டிலும் அப்படித்தான். அப்பா எட்டையும் திண்ணையில் பரப்பி வைத்துப் பார்த்தார். அதில் தேறியது என்று ஒன்றை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மாமாவிடமிருந்து பதில் வந்தது. ‘அத்தான், அவங்க பெண்ணைத்தான் கேட்டாங்க, ஆட்டைக் கேட்கவில்லை. பையனுக்குக் கை ஆடுகிறது. நல்லாப் பழகச் சொல்லவும்.’

அப்பா அதைச் சத்தமாக வாசித்தார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா அப்போது வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார். பிறகென்ன, ஊருக்குள் நடக்க முடியவில்லை. “ஏலே, கை நடுக்கம் எப்பிடி இருக்கு? உள்ளங்கைக்கு வேப்பெண்ணெ தேச்சியா?” என்று குளத்தங்கரையில் கேட்டார்கள். “பொண்ணு கெட்டிக் குடுக்குகியளா, ஆடு கெட்டிக் குடுக்குகியளா?” என்று சந்தையில் அம்மாவிடம் கேட்டார்களாம்.

நான் தீர்மானித்தேன். இந்தக் கையை ஒரு வழிக்குக் கொண்டுவராமல் விடுவதில்லை.

காலையில் தோட்டத்துக்குப் போகும் முன்னால் கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அதன் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர் வைத்து நிற்பேன். சுருள் போடாமல் விசையை மட்டும் அமுக்குவேன். தண்ணீர் தளும்பக் கூடாது. முதல் வாரம் என் சட்டை முழுக்க நனைந்தது. மூச்சை அடக்கிப் பார்த்தேன், முழு மூச்சும் விட்டுவிட்டு அமுக்கிப் பார்த்தேன். பாதி மூச்சை விட்டுவிட்டு அமுக்கினால்தான் தண்ணீர் அசையவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த நிழலில் எந்த நம்பர் என்று தொழுவத்துச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். நம்பர் ஏற ஏற வெளிச்சம் குறையும் என்பது தலைகீழ்க் கணக்கு. அது பிடிபட எனக்கு வெகுநாள் ஆனது. சிரட்டைத் தண்ணீர் வாழையிலை நுனிப் பனித்துளி போல அசையாமல் நின்ற அன்று, அக்கா தொழுவத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை நல்லா நின்னுட்டே” என்றாள். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

“இனி ஆடாது அக்கா. நீ வேணா பாரு.”

“ம்” என்று போய்விட்டாள்.

மூன்றாவது சுருள் போடுகிற அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா நிழல்தாங்கலுக்குப் போய்விட்டு வந்தாள். எங்கள் வீட்டில் அய்யாவழிக் கும்பிடு; நிழல்தாங்கல் என்பது அதன் சின்னக் கோயில். புது மண்வெட்டி வந்தாலும், புதுக் கன்றுக்குட்டி வந்தாலும் அய்யாவின் வெள்ளை நாமத்தை நெற்றியில் இட்டுத்தான் வீட்டுக்குள் சேர்ப்பாள். கேமராவுக்கு இதுவரை இடவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது. அதனால்தான் இவ்வளவு தடங்கல் என்று ஒரே முடிவாகச் சொன்னாள். திறந்து வைத்திருந்த கேமராவை எடுத்து, அதன் நெற்றி எது என்று கொஞ்சம் யோசித்து, கண்ணாடிக் கண்ணுக்கு நேர் மேலே, விளிம்பில், கீழிருந்து மேலாக இழுத்து அழகாக ஒரு நாமம் போட்டாள். “அய்யா உண்டு. இனி எடு” என்றாள்.

நாமம் காய்ந்து பொடியாகிக் கண்ணாடியின் மேல் உதிர்ந்தது எனக்குத் தெரியவில்லை. அம்மா விரல் பட்ட தடமும் இருந்திருக்கும். அந்த எட்டுப் படங்களிலும் மார்கழி மஞ்சு இறங்கியது போல ஒரே வெள்ளைப் புகை. அக்கா தெரியவில்லை. பலாமரம் தெரியவில்லை. ஆடும் தெரியவில்லை. ஆடு தெரியாததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

அப்பா கேமராவை வாய்க்காலில் எறிகிறேன் என்று எழுந்தார். அம்மா தடுத்தாள். கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆள் மூலம் மாமா இன்னொரு சுருள் கொடுத்து அனுப்பியிருந்தார். இதுதான் கடைசி, மாப்பிள்ளை வீட்டார் வேறு இடமும் பார்க்கிறார்கள், சீக்கிரம் அனுப்பவும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நாலாவது சுருளுக்கு நான் என் கையையே நம்பவில்லை. கையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நெல் குத்துகிற கல் உரலை நானும் அம்மாவும் பலாமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனோம். அதன் வாயில் ஒரு பலகையை வைத்து, பலகை மேல் கேமராவை வைத்தேன். கண்ணாடியைப் பழைய வேட்டித் துணியால் ஆறேழு தடவை துடைத்தேன். அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். விரல் பட்டும் படாமல் விசையைத் தொட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு படம்.

எட்டாவதற்கு எண்ணும்போது தோட்டத்திலிருந்து அப்பா வந்தார். கையில் தபால். முகம் செத்துப்போயிருந்தது. கொழும்புக்காரன் வேறு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டான். அந்தப் பெண்ணின் படம் நன்றாக விழுந்திருந்ததாம்.

“படம் எடுக்கத் தெரியாத பயலால ஒரு கல்யாணம் போச்சு” என்றார் அப்பா. அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அன்றைக்கு நான் வாழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து அழுதேன். அக்கா தேடிக்கொண்டு வந்தாள். பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை, அப்படியே சேற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எளவு கேமரா” என்றேன். “உனக்க கல்யாணத்த நான் கெடுத்துட்டேன் அக்கா.”

“நீ ஒண்ணும் கெடுக்கல மக்கா.”

“அப்பா சொன்னாரே.”

“அப்பா சொல்லுவாரு. நான் சொல்லுதேன் கேளு. நீ ஒண்ணும் கெடுக்கல.”

என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு துக்கத்திலும் தம்பியைத் தேற்றுகிறாளே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வாரமே டிரெயினிங் உத்தரவு வந்தது. நாகர்கோவிலில், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். மற்ற நேரமாக இருந்தால் அப்பா அந்தக் காகிதத்தை எரவாணத்தில் செருகிவிட்டு மறந்திருப்பார். இப்போது, வீட்டில் இருந்து ஊர் வாய்க்கு அவலாவதைவிட அங்கே போய்ப் படிக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புறப்படுகிற அன்று காலை, ரோட்டோரம், நல்ல வெயில். அக்கா கைத்தறிச் சேலை கட்டி, தகரப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். என் கழுத்தில் கேமரா தொங்கியது. அதை நான் எங்கும் கழற்றுவதில்லை என்று ஆகியிருந்தது. தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது.

“ஏலே, அதுல ஒரு படம் மிச்சம் இருக்குல்லா?” என்றாள் அக்கா.

“இருக்கு. ஆனா இங்க உரல் இல்ல.”

“உரல் வேண்டாம். கையில வச்சே எடு.”

“ஆடிரும் அக்கா.”

“ஆடாது. எடு மக்கா. பஸ் வருகு.”

கயிறு இல்லை, சிரட்டை இல்லை. தூரத்தைக் கண்ணால் அளந்தேன். பாதி மூச்சை விட்டேன். எண்ணத் தொடங்கினேன். அக்கா என்னை நேராகப் பார்த்தாள். மூணு என்றபோதும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அமுக்கினேன். பஸ் வந்து நின்றது.

அந்தச் சுருளை வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் முதல் ஏழை ஒதுக்கி வைத்துவிட்டு, எட்டாவதை மட்டும் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அக்காவின் கண்ணில் வெயில் பட்ட புள்ளிகூட விழுந்திருந்தது. முதல் ஏழில் வழக்கம் போல ஆடு.

நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். வழியெல்லாம் யோசித்து, காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். எல்லோரிடமும் சொன்னேன். குற்றம் என் கையில் இல்லை, உரலில் இருக்கிறது. உரல் நமக்குத் தெரியாமல் ஆடுகிறது. “பின்ன? நெல்லு குத்தின உரலுல்லா, பழக்க தோஷம் போகுமா?” என்றார் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற சித்தப்பா.

அக்கா டீச்சரானாள். தானே பார்த்து, கூட வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதுவும் அப்பா சம்மதத்தோடுதான், கொஞ்சம் நாள் எடுத்தது. இந்த வருடம் அவளை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கியிருக்கிறார்கள். அக்கா மகள் வந்து, அம்மாவின் சின்ன வயசுப் படத்தைப் பெரிதாக்கித் தாருங்கள் மாமா என்றாள். நான் பிலிம்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எட்டாவதைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். டின் திறந்திருந்தது, ஸ்டூடியோவில் ஆள் இல்லை. இத்தனை வருடமாக வெட்கத்தில் தொடாமல் வைத்திருந்த மற்ற ஏழில் ஒன்றையும் விளக்குக்கு அடியில் வைத்தேன்.

ஆட்டின் கழுத்துக் கயிற்றில் பிரி தெரிந்தது. அதன் தாடியில் ஒரு பலா இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது, அதன் நரம்பு தெரிந்தது. பலாமரப் பட்டையின் வெடிப்பு, ஸ்டூலின் ஆணி, அக்கா மடியில் கோத்து வைத்திருந்த விரல்களின் நகம், எல்லாம் தெரிந்தது. கை ஆடினால் எல்லாம் சேர்ந்துதான் கலங்கும். தொழில் தெரிந்த எவனுக்கும் ஒரு பார்வையில் தெரிகிற விஷயம். கழுத்துக்கு மேலே மட்டும் அவள் கலங்கியிருந்தாள்.

அதையும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“ஆடு நல்லா விழுந்திருக்கு” என்றாள்.

“அக்கா, நீ…” என்று இழுத்தேன்.

“மூணு எண்ணினது யாருலே? நீதானே?” என்று அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு போய், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனபோது எடுத்த படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள்.

ஒரு கல்யாணத்தைத் தட்டிக் கழிக்க, ஒரு வார்த்தை பேசாமல், தலையை மட்டும் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு சரியான நொடியில் திருப்ப ஒருத்தி எத்தனை பயிற்சி எடுத்திருப்பாள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் சிரட்டைத் தண்ணீரோடு நின்ற காலைகளில் அவளும் தன் பாட்டுக்குப் பழகியிருக்கிறாள். அவள் அசைந்ததால்தான் நான் அசையாமல் நிற்கப் படித்தேன். குலசேகரத்தில் இன்றைக்கும் ஸ்டாண்டு இல்லாமல் மங்கல் வெளிச்சத்தில் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எட்டாவது படத்தோடு வந்த அன்று சாயங்காலம் பலாமரத்தடிக்குப் போய், அந்த உரலைக் காலால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை. ஆனாலும் இனி யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று, வாய்க்கால் கரையில் தேடி ஒரு சல்லிக்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒரு நாளும் ஆடாத அந்த உரலுக்கு அடியில் இறுக்கமாகச் செருகி வைத்தேன்.

கொல்லம் ஆண்டு 1163 (1987), ஆவணி மாதம் 9-ம் தேதி இதை எழுதி முடித்தேன்.